கம்பெனி கொடுத்த வெளிச்சம் அல்ல

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் ஒரு கம்பெனியின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880ல் வந்தது, கைவிடும் நிலையில் இருந்த குழிகளைச் சுரங்கங்களாக்கியது, பங்களாவும் கிளப்பும் மருத்துவமனையும் கட்டியது, 1902ல் மின்சாரத்தையும் கொண்டுவந்தது என்பது அந்தக் கதையின் வரிசை. ஜப்பானுக்கு அடுத்தபடி ஆசியாவிலேயே மின்சாரம் கண்ட இரண்டாவது ஊர் தங்கவயல் (கே.ஜி.எஃப்.) என்ற பெருமிதமும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். இந்தக் கதையில் மைசூர் அரண்மனைக்கு வேலை அதிகமில்லை. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, ராயல்டியை எண்ணி வாங்கிக்கொள்வதோடு அதன் பங்கு முடிந்துவிடுகிறது.

இந்தக் கதை ஆதாரங்களோடு பொருந்தவில்லை. சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவருவது என்று முடிவெடுத்தது மைசூர் சமஸ்தானம். அதற்கு முதல் போட்டதும், கட்டிய நிலையத்தைத் தன் உடைமையாக வைத்துக்கொண்டதும் சமஸ்தானமே. கம்பெனி அந்த மின்சாரத்தை விலைக்கு வாங்கிய வாடிக்கையாளர். முடிவின் பின்னால் இருந்தவர் 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர். அவர் அரசவை வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், மின்சாரத் திட்டம் அவருடைய நிதி நிர்வாகத்தின் ஒரு கண்ணி என்பது தெரியவரும். அப்படிப் பார்க்கும்போது கம்பெனிக் கதை மட்டுமல்ல, திவானை மக்களுக்கு விளக்கேற்றிய வள்ளலாக்கும் எதிர்க்கதையும் நிற்காது.

முதலில் அந்தப் பெருமிதம். ஷாங்காயில் 1882லேயே தெருவில் மின்விளக்குகள் எரிந்தன. டோக்கியோவில் 1887ல் மின் விநியோகம் தொடங்கியது; ஹாங்காங்கில் 1890ல். ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில், பிவா ஏரியிலிருந்து வெட்டிய கால்வாயின் நீரைக் கொண்டு கேயாகே நீர்மின் நிலையம் 1891ல் இயங்கத் தொடங்கியது. இந்தியாவுக்குள்ளேயே டார்ஜிலிங்கின் சித்ராபோங் நிலையம் 1897ல் வந்துவிட்டது. கல்கத்தாவில் அனல்மின் நிலையம் 1899ல். 1902 ஜூன் 30 அன்று மின்சாரம் பெற்ற தங்கவயல் ஆசியாவில் இரண்டாவதாக இருக்க வழியே இல்லை. உலகிலேயே மிக நீண்ட மின்தடம் என்ற புகழுரையும் இப்படித்தான். கலிபோர்னியாவில் கோல்கேட் நிலையத்திலிருந்து ஓக்லண்ட் வரை 140 மைலுக்குச் சென்ற தடம் 1901லேயே இயங்கியது. சிவசமுத்திரத் தடத்தின் நீளம் 92 மைல், அதாவது சுமார் 148 கிலோமீட்டர். அந்த நாளில் இந்தியாவில் அதற்கு இணை எதுவும் இல்லை. அந்த அளவில் பெருமை உண்மையானது. ஆனால் இந்தத் தரவரிசைச் சண்டை ஒரு முக்கியமான கேள்வியை மறைத்துவிடுகிறது. ஒரு சுதேச சமஸ்தானம் இவ்வளவு பெரிய திட்டத்தில் ஏன் கை வைத்தது என்பதே அந்தக் கேள்வி.

விடை திவானின் பணி வரலாற்றில் இருக்கிறது. சேஷாத்ரி ஐயர் 1845ல் மலபாரின் பாலக்காட்டுக்கு அருகிலுள்ள குமாரபுரத்தில் தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். கோழிக்கோட்டிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1868ல் மைசூர் பணிக்கு வந்தபோது சமஸ்தானம் நேரடி ஆங்கிலேய நிர்வாகத்தில் இருந்தது. 1831ல் மும்மடி கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு எடுத்துக்கொண்டிருந்தது. அஷ்டகிராமப் பிரிவில் நீதித்துறைச் செயலராகத் தொடங்கி, வருவாய், நீதி ஆகிய இரு துறைகளிலும் படிப்படியாக ஏறி, 1879ல் தும்கூர் மாவட்டத்தின் துணை ஆணையரானார். சட்டப் பட்டத்தையும் பணியில் இருந்தபடியே பெற்றார். அவரை மைசூருக்கு அழைத்துவந்து வளர்த்தவர் ரங்காச்சார்லு. 1881 மார்ச் 25 அன்று ஆட்சி மீண்டும் உடையார்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது முதல் திவானானவர் அவரே. 1883 ஜனவரியில் ரங்காச்சார்லு காலமானார். அடுத்த மாதம் சேஷாத்ரி ஐயர் அந்த இடத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு 37 வயது.

அவர் ஏற்றுக்கொண்ட கஜானா காலியாக இருந்தது என்பதைவிடக் கடனில் மூழ்கியிருந்தது என்பதே சரி. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சமஸ்தானத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதாவது ஐந்தில் ஒருவர். பஞ்ச நிவாரணத்துக்காக ஆங்கிலேய அரசிடம் வாங்கிய கடன் 80 லட்சம் ரூபாய். இதற்கு மேல் கப்பம். 1799 முதல் ஆண்டுக்கு 24.5 லட்சம் ரூபாயாக இருந்த கப்பத்தை, ஆட்சியைத் திருப்பிக் கொடுத்த 1881ன் உடன்படிக்கை 35 லட்சமாக உயர்த்தியது. உயர்வு உடனே வசூலிக்கப்படவில்லை. முதலில் ஐந்து ஆண்டுகளுக்கும், பிறகு 1896 வரையிலும் தள்ளிவைக்கப்பட்டது. ஆக, திவான் பதவியில் உட்கார்ந்த நாளிலிருந்து சேஷாத்ரி ஐயருக்கு ஒரு கெடு இருந்தது. தள்ளிப்போன அந்தக் கெடுவின்படி 1896க்குள் ஆண்டுக்கு மேலும் 10.5 லட்சம் ரூபாய் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பஞ்சத்தில் நொந்த குடியானவனிடம் நிலவரியை ஏற்றி அதைத் திரட்டுவது நடக்காத காரியம்.

இந்த நெருக்கடியில் திவானுக்கு இருந்த பலம் எது என்பதையும் பார்க்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டு ஜப்பானில் பேரரசர் சிறுவனாக இருந்தபோது ஆட்சியை நடத்திய புஜிவாரா யோஷிபுசா அந்தச் சிறுவனின் தாய்வழிப் பாட்டனார். அவருடைய குடும்பம் அரச ரத்தத்தோடு பின்னிப் பிணைந்திருந்ததால் அதிகாரம் தலைமுறைகளுக்கு நிலைத்தது. மைசூரிலும் அதே போன்ற நிலை வந்தது. மகாராஜா சாமராஜேந்திர உடையார் 1894 டிசம்பரில் கல்கத்தாவில் திடீரென்று காலமானார். வாரிசான நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு அப்போது 10 வயது. தாய் மகாராணி வாணி விலாச சன்னிதானம் ரீஜெண்டானார். திவான் தலைமையில் மூவர் கொண்ட ஆலோசனை சபை அமைந்தது. ஆனால் திவானுக்கு அரண்மனையில் உறவும் இல்லை, நாட்டில் பிறப்புரிமையும் இல்லை. அவர் வெளியூர்க்காரர். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களே மேலிடங்களை அடைத்துக்கொள்கிறார்கள் என்ற குமுறல் மைசூர்க்காரர்களிடம் அவர் காலம் முழுவதும் இருந்தது. இப்படிப்பட்டவரின் நாற்காலி வரவு செலவுக் கணக்கின் மேல்தான் நிற்க முடியும். கோலாரை அவர் பார்த்த கண்ணும் கணக்குப் பார்க்கும் கண்தான்.

தங்கத்துக்கு வருவோம். அயர்லாந்துக்காரரான ஓய்வுபெற்ற படைவீரர் மைக்கேல் லவெல் 1873ல் விண்ணப்பித்து, 1875ல் கோலாரில் தங்கம் தேடும் உரிமை பெற்றார். அந்த உரிமை கைமாறி 1880ல் ஜான் டெய்லர் நிறுவனத்திடம் வந்தது. முதல் சில ஆண்டுகள் முதலீடு கரைந்ததுதான் மிச்சம். 1880களின் நடுவில் மைசூர் மைனில் சாம்பியன் படுகை கண்ணில் பட்ட பிறகே நிலைமை மாறியது. இந்த இடத்தில் கம்பெனியின் விடாமுயற்சியைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் தங்கம் தெரிந்த பிறகு அதைப் பெருந்தொழிலாக மாற்றிய சூழலில் சமஸ்தானத்தின் முதல் எவ்வளவு என்பதைக் கம்பெனிக் கதை சொல்வதில்லை. பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) மாரிக்குப்பம் வரை ஓடும் கிளை ரயில் பாதையை மைசூர் அரசு தன் பணத்தில் போட்டது. 1894ல் அது திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மைசூர் புவியியல் துறை தொடங்கப்பட்டது. 1897ல் சுரங்கச் சட்டம் வந்தது. இவற்றுக்கு ஈடாக, எடுக்கப்படும் தங்கத்தின் மதிப்பில் 5 விழுக்காடு ராயல்டியாகச் சமஸ்தானத்துக்கு வந்தது. லாபத்தில் பங்கு என்றால் லண்டன் கணக்கர்களின் பேனாவை நம்பியிருக்க வேண்டும். மொத்த மதிப்பில் பங்கு என்றால் அந்தக் கவலை இல்லை. நூற்றாண்டு திரும்பும் வேளையில் ராயல்டி ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. கூட்டப்பட்ட கப்பத்தை ஈடுகட்டிய வருமானங்களில் முதன்மையானது எது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரத் திட்டம் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது. சுரங்கம் ஆழமாகப் போகப் போக எரிபொருள் செலவு ஏறியது. தாதை இடிக்கும் ஆலைகளும் காற்றழுத்த எந்திரங்களும் நீராவியில் ஓடின. சுற்று வட்டாரக் காடுகளின் விறகும் தொலைவிலிருந்து ரயிலில் வந்த நிலக்கரியும் அந்த நீராவிக்கு இரையாயின. எரிபொருள் விலை ஒரு கட்டத்தைத் தாண்டினால் தரம் குறைந்த தாதை எடுப்பது கட்டுப்படியாகாது. தங்கம் குறைந்தால் ராயல்டியும் குறையும். மலிவான சக்தி கம்பெனிக்கு லாபம் என்றால் சமஸ்தானத்துக்கு அது இரட்டை லாபம். மின்சாரத்துக்கும் விலை கிடைக்கும், ராயல்டியும் நிற்காமல் வரும்.

காவிரியில் கை வைப்பது எளிதான காரியமாக இல்லை. சிவசமுத்திரத்தில் ஆற்றின் மறுகரை அன்றைய சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் தாலுகா. கீழே தஞ்சை டெல்டா. எல்லை தாண்டி ஓடும் ஆறுகளில் சென்னையின் சம்மதமின்றி மைசூர் புதிய அணைகள் கட்டக் கூடாது என்ற 1892ன் ஒப்பந்தம் சேஷாத்ரி ஐயர் காலத்தில்தான் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தம் மைசூருக்குப் பாதகமானது என்று பின்னாளில் பேசப்பட்டது. சிவசமுத்திரத் திட்டம் அந்தக் கட்டுக்குள் நின்றே வடிவம் பெற்றது. அருவிக்கு மேலே தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, குழாய்களில் இறக்கி, சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, ஒரு சொட்டும் பாசனத்துக்கு எடுக்காமல் கீழே ஆற்றிலேயே விட்டுவிடுவது அதன் ஏற்பாடு. தண்ணீரைத் தேக்காத, செலவழிக்காத திட்டத்தைச் சென்னை மறுப்பது கடினம்.

தொழில்நுட்பப் பொறுப்பு மைசூர் பொதுப்பணித் துறையில் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்த ஜோலி டி லோட்பினியரிடம் இருந்தது. அவர் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்தவர். ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். திவான் அவரை 1899ல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார். அங்கே நயாகராவின் மின்சாரம் பஃபலோ நகருக்குப் போய்ச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மின் எந்திரங்களுக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்குடனும், நீர்ச்சக்கரங்களுக்குச் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸுடனும் ஏற்பாடாயிற்று. மின்சாரத்தைக் குதிரைத்திறன் கணக்கில் வாங்கிக்கொள்ளச் சுரங்கக் கம்பெனிகள் சமஸ்தானத்துடன் ஒப்பந்தம் செய்தன. தொடக்க அளவு 4,000 குதிரைத்திறன். தடத்தின் மின்னழுத்தம் சுமார் 35,000 வோல்ட். வேலை முடியும் முன்பே சேஷாத்ரி ஐயர் உடல்நலம் கெட்டு 1901ல் பதவியிலிருந்து விலகினார். அந்த ஆண்டு செப்டம்பரில் காலமானார். மின்சாரம் கோலாரைத் தொட்டபோது திவான் நாற்காலியில் இருந்தவர் மைசூரைச் சேர்ந்த பி. என். கிருஷ்ணமூர்த்தி.

கம்பெனிக் கதைக்காகச் சொல்லப்படக்கூடிய வாதங்கள் மூன்று. எந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தது, பொறியாளர் வெள்ளைக்காரர், ஆகவே இது ஆங்கிலேயச் சாதனை என்பது முதல் வாதம். எந்திரங்கள் வந்தது அமெரிக்காவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் என்பதை இந்த வாதம் கவனிப்பதில்லை. அதைவிட, எந்திரம் செய்தவனுக்கே திட்டம் சொந்தம் என்றால் கியோட்டோவின் கேயாகே நிலையமும் அமெரிக்காவின் சாதனை ஆகிவிடும். அங்கேயும் எந்திரங்களில் அமெரிக்கத் தயாரிப்பு உண்டு. ஆனால் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. எதை, எங்கே, யார் பணத்தில், யார் உடைமையாகக் கட்டுவது என்ற முடிவுதான் திட்டம். அந்த முடிவு மைசூரில் எடுக்கப்பட்டது.

இரண்டாவது வாதம்: மைசூரில் இருந்த ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டும் வைஸ்ராயும் தலையசைக்காமல் மைசூரில் எதுவும் நடக்காது, ஆகவே திவான் வெறும் கருவி. 1881ன் உடன்படிக்கை சமஸ்தானத்தின் கைகளை இறுக்கிக் கட்டியது உண்மை. தங்கவயலில் உள்ள ராபர்ட்சன்பேட்டை என்ற ஊர்ப்பெயரே ரெசிடெண்டின் செல்வாக்குக்குச் சாட்சி. ஆனால் அனுமதி தருவது வேறு, திட்டமிடுவது வேறு. மேலாதிக்க அரசின் விருப்பம் மட்டுமே நடந்திருந்தால் நடந்திருக்கக்கூடியது எளிதில் ஊகிக்கத்தக்கது. அருவி லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகை போயிருக்கும். சமஸ்தானத்துக்கு வாடகை மிஞ்சியிருக்கும். தங்கத்தில் நடந்தது அதுதானே. தண்ணீரில் அது நடக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் அதே சமஸ்தானம் அதே கம்பெனிகளோடு இரண்டு விதமாக நடந்துகொண்டது என்றால், இடையில் அரசவை பாடம் கற்றுக்கொண்டது என்று பொருள்.

மூன்றாவது வாதம் வேறு திசையிலிருந்து வருவது. நவீன மைசூர் என்றாலே விஸ்வேஸ்வரய்யா என்ற பழக்கம் அது. 1909ல் தலைமைப் பொறியாளராக வந்து 1912 முதல் 1918 வரை திவானாக இருந்தவரின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவருடைய கண்ணம்பாடி அணைக்கு 1911ல் வேலை தொடங்கியபோது முன்வைக்கப்பட்ட நியாயங்களில் ஒன்று, கோடையில் காவிரி வற்றும்போதும் சிவசமுத்திரத்துக்குத் தடையின்றித் தண்ணீர் வேண்டும், தங்கவயலுக்கு மின்சாரம் குறையக் கூடாது என்பது. பணம் கொடுத்து மின்சாரம் வாங்கும் நிச்சயமான வாடிக்கையாளர் இருந்ததால்தான் அவ்வளவு பெரிய அணைக்கு முதல் போடும் துணிவு வந்தது. பெங்களூரின் தெருக்களுக்கு 1905 ஆகஸ்டில் வெளிச்சம் வந்ததும் அதே தடத்தின் உபரியால். சிவசமுத்திரத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பொறியாளர் கிப்ஸ் பிறகு பம்பாய்க்கு அருகே டாட்டாவின் நீர்மின் திட்டத்துக்குப் போனார். தொடர்ச்சியைத் துண்டித்து ஒருவர் கையில் எல்லாவற்றையும் கொடுப்பது வரலாறாகாது.

கம்பெனியைக் கீழிறக்கிய இடத்தில் திவானை ஏற்றி வைத்துப் பூஜை செய்வதும் பிழை. சேஷாத்ரி ஐயர் தங்கவயலின் மக்களுக்கு விளக்குத் தந்தார் என்ற பேச்சுக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமில்லை. அது குதிரைத்திறனுக்கான ஒப்பந்தம். ஆலைகளுக்கும் எந்திரங்களுக்கும் ஆனது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி வந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். அவர்கள் லைன்கள் எனப்பட்ட குடியிருப்புகளில், மூங்கில் தட்டி வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். மேலே ஆலை மின்சாரத்தில் ஓட, கீழே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாறையைக் குடைந்தார்கள். ஆழத்தில் வெடித்துச் சிதறும் பாறையும் நுரையீரலில் படியும் சிலிக்காத் தூசியும் அவர்கள் பங்குக்கு வந்தவை. 1897ன் சுரங்கச் சட்டம் தங்கத் திருட்டைத் தடுப்பதில் காட்டிய கண்டிப்பு அவர்கள் கூலியின் பக்கம் திரும்பவில்லை. ரங்காச்சார்லு தொடங்கிய பிரஜா பிரதிநிதி சபைக்குச் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தேர்தல் முறை வந்தது. ஆனால் சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே வாக்கு. லைன்களில் வாழ்ந்த தமிழர்களின் குரல் அந்தச் சபைக்கு எட்டவில்லை. கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் 1930ல் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் சமஸ்தானம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

இதைத் திவானின் தனிப்பட்ட குணக்கேடாகக் கொள்வதும் சரியாகாது. கப்பத்தைக் கட்டி, கடனைத் தீர்த்து, பாதை போட்டு, மாரிகணிவே அணையையும் பெங்களூருக்கான ஹெசரகட்டா குடிநீர்த் திட்டத்தையும் எடுத்து நடத்திய ஒரு நிதி நிர்வாகத்துக்குத் தொழிலாளி செலவுக் கணக்கில் வரும் எண்ணாக மட்டுமே தெரிந்தான். கம்பெனிக்கும் அவன் அப்படித்தான். சமஸ்தானமும் கம்பெனியும் முரண்பட்டது எந்தப் பங்கு யாருக்கு என்பதில். தங்கத்தை வெட்டியவனின் பங்கு என்ன என்பதில் இரண்டுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இருந்தும் உடைமை யாருடையது என்ற கேள்வி அற்பமானதல்ல. தங்கம் குத்தகைக்குப் போனது. 1956ல் சுரங்கங்கள் அரசுடைமை ஆகும் வரை லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குச் சென்றது. அரசின் கைக்கு வந்தபோது மேல்படுகைகள் தீர்ந்திருந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. மின்சாரம் குத்தகைக்குப் போகவில்லை. போட்ட முதலை விரைவில் திருப்பித் தந்த சிவசமுத்திர நிலையம் மைசூர் அரசின் சொத்தாக வளர்ந்து, இன்றைய கர்நாடகத்தின் மின்துறைக்கு அடித்தளமாயிற்று. தங்கம் நின்ற பிறகும் அது மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. கம்பெனி கொடுத்திருந்தால் அது கம்பெனியோடு போயிருக்கும். அது போகாமல் நின்றதற்குக் காரணம் 1900ல் மைசூர் அரசவையில் எடுத்த முடிவு. தங்கவயலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த முடிவை அதற்குரியவரின் பெயரில் பதிய வேண்டும். அதன் பலன் லைன்களுக்கு எட்டாமல் போனதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.